மண் பிடி விடும் சத்தம்

பாத்து வாம்மா. படி முடிஞ்சதும் தரை இருக்கும்னு நெனச்சுக் காலை வெச்சா தடுமாறிருவ. கட்டின புதுசுல படியும் தரையும் ஒரே மட்டந்தான். படி அப்படியே நிக்கு. கட்டடந்தான் கீழ போயிருக்கு.

உக்காரு. நாற்காலிய இந்தப் பக்கமா இழுத்துப் போட்டுக்க. அந்தப் பக்கம் தரை சரிவு. கொஞ்ச நேரம் உக்காந்தா தலை சுத்துற மாதிரி வரும். எனக்குப் பழகிப்போச்சு.

மதுரையில இருந்தா வந்திருக்க? மண்ணத் தோண்டிப் பாக்குற சாமானெல்லாம் பின்னால வேன்ல வருதா. வரட்டும். அதுக்குள்ள நான் சொல்லிருதேன். இடத்த வாங்குறவங்க என்கிட்ட கேட்டாங்க, "இத்தன வருஷமா யாரு கேட்டும் குடுக்காதவங்க, இப்ப நீங்களே ஆள் விட்டுக் கூப்பிடுறீங்களே, என்ன சங்கதி"ன்னு. வயசாயிட்டுன்னு சொல்லி முடிச்சிட்டேன். அவங்களுக்கு அது போதும். உன்கிட்ட சொல்லலாம். நீ மண்ணு படிச்ச பிள்ள. என் கொழுந்தனும் அதான் படிச்சான்.

பெலிக்ஸ்னு பேரு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒரே தம்பி. நான் கல்யாணமாகி வந்தப்ப அவன் பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம். மாமியார் முன்னாலயே இறந்துட்டாக. நான் பொங்கிப் போட்டுத்தான் அவன் காலேஜ் முடிச்சான். மத்த பிள்ளைக பாலம் கட்டுறேன், அணை கட்டுறேன்னு படிச்சா இவன் மண்ணு. மண்ணு எதப் பிடிக்கும், எத விடும். சோத்துல குழம்ப ஊத்திப் பெசஞ்சுக்கிட்டே சொல்லுவான், "மைனி, பாத்தீங்களா, தண்ணி கூடினா பிடி விட்டுருது". "முதல்ல அதத் தின்னுலே"ன்னு சொல்லுவேன். சிரிப்பான். படிச்சு முடிச்சு மதுரையில ஒரு காலேஜ்லயே வாத்தியாராச் சேந்துட்டான். கல்யாணம் பண்ணிக்கிடல. நான் எத்தனையோ இடம் பாத்தேன். ஒண்ணும் அவனுக்குப் பிடிக்கல.

ரீகன் அப்பா, அதான் எங்க வீட்டுக்காரவுக, மீன் பிடிக்கிற லாஞ்சி வெச்சிருந்தாக. பிடிச்ச மீன அன்னைக்கே கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியிருக்கே, வெச்சு விக்க ஒரு எடமில்லையேன்னு அவுகளுக்குப் பெரிய ஆத்தாமை. சொந்தமா ஒரு குளிர் குடோன் கட்டணும்னு புறப்பட்டாக. இடம் இங்கதான் கெடச்சுது, உப்பளத்துக்கும், கடத்தண்ணி ஏறி இறங்குற கழிக்கும் நடுவுல. வெளிய பாத்தல்ல, கறுப்புச் சேறு. மழைக்காலத்துல மாடு இறங்கினா வயிறு வரைக்கும் போயிரும்.

பெலிக்ஸ் வந்து பாத்தான். சாதாரண அஸ்திவாரம் இதுல நிக்காது, மண்ணுக்குள்ள நீளக் கம்பமா கான்கிரீட் பைல் இறக்கணும், அடியில கெட்டி மணல் வர்ற வரைக்கும் போகணும்னான். ரீகன் அப்பா பாதி ஆழத்துலயே போதும்னுட்டாக. "ஏலே, இந்தச் சேத்துல காலை விட்டா எடுக்க முடியுதா? அது பிடிச்சுக்கிடும்லே"ன்னாக. ரெண்டு பேரும் ஒரு வாரம் மல்லுக்கட்டினாக. கடைசியில அண்ணன் சொன்னதுதான் நடந்துது. எங்க வீட்டுல அப்படித்தான்.

பெலிக்ஸ் சொன்னான், "சரிண்ணே. அடியில தாங்க ஒண்ணுமில்ல. சுத்தியிருக்க சேறு பக்கவாட்டுல பிடிச்சுத்தான் இது நிக்கப் போவுது. அந்தப் பிடிய நம்பித்தான் மொத்தக் கட்டடமும். அதனால ஒண்ணு மட்டும் கேளுங்க. குளுர வெச்சா வெச்சபடியே விட்டிருங்க. மெஷின அணைச்சு அணைச்சுப் போடாதீங்க."

"ஏன்?"னு நான்தான் கேட்டேன்.

நாங்க அப்ப வீட்டு முற்றத்துல இறால் உரிச்சுக்கிட்டிருந்தோம். பக்கத்துல ஐஸ் தண்ணித் தொட்டி. நல்ல வெயில் காலம். "மைனி, மோதிரத்தக் கழட்டுங்க பாப்போம்"னான். இழுத்துப் பாத்தேன், வரல. வெயிலுக்கு விரல் உப்பியிருந்துது. "இப்ப கைய ஐஸ் தண்ணியில வைங்க"ன்னான். கை மரத்துப் போற வரைக்கும் வெச்சேன். எடுத்தப்ப மோதிரம் தானா வழுக்கிக்கிட்டு வந்து அவன் உள்ளங்கையில விழுந்துது.

"இவ்வளவுதான்"னான். "விரல்தான் பைலு. மோதிரம்தான் மண்ணு. மெஷின் ஓடினா குளிர் தூண் வழியா பைலுக்கும் இறங்கும். பைலு கொஞ்சம் சுருங்கும். மண்ணோட பிடி தளரும். மெஷின அணைச்சா திரும்பச் சூடாகிப் பெருக்கும். ஆனா இறங்கின எடத்துல இருந்து மேல ஏறி வராது. மேல பாரம் இருக்குல்ல மைனி, எப்பவும் கீழதான் போகும். ஒரு தடவ ஆனா தெரியாது. வருஷா வருஷம் ஆனா தெரியும்."

ரீகன் அப்பா கேட்டாக, "எம்புட்டுலே சுருங்கும்?"

"மயிரிழைதாண்ணே."

"மயிரிழைக்கா இவ்வளவு பேச்சு"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.

கட்டி முடிச்சோம். பங்குச் சாமியார் வந்து மந்திரிச்சு, ரிப்பன் வெட்டி, எல்லாம் நல்லாத்தான் நடந்துது. மொத வருஷம் ஒரு குறையும் இல்ல. அடுத்து தடைக்காலம் வந்துது. உனக்குத் தெரியுமோ என்னவோ, மீன் முட்டையிடுற காலம்னு சொல்லி சித்திரையில லாஞ்சி கடலுக்குப் போகக்கூடாதுன்னு சர்க்கார் நிறுத்திவைக்கும். அந்த வெயில் முழுக்கக் கரையிலதான். குடோன்ல ஒரு பெட்டி சரக்கு கெடையாது. காத்தக் குளுரவைக்க யாராவது மெஷின் ஓட்டுவாங்களா? நீயே சொல்லு. அணைச்சுட்டாக.

தடை முடிஞ்சு மறுபடியும் மெஷின் போட்ட அன்னைக்கு நான் இந்த மேசையிலதான் உக்காந்திருந்தேன். காலை நேரம். உள்ள மெல்ல மெல்லக் குளுருது. ஒரு சத்தம் கேட்டுது. மேசைக்கு அடியில யாரோ விரல மடக்கித் தட்டுற மாதிரி. ஒரே ஒரு தட்டு. குனிஞ்சு பாத்தேன். ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும். இந்தத் தடவ பின்னறைப் பக்கம், தரைக்குக் கீழ.

உள்ள வேல செஞ்ச பொம்பளைக எல்லாம் வெளிய வந்து நின்னுட்டாளுக. கித்தேரின்னு ஒருத்தி, இப்பவும் இருக்கா, அவதான் சொன்னா, "அக்கா, காலரா வந்த காலத்துல செத்தவங்கள இந்தக் கழியோரம்தான் பொதச்சாங்களாம். குளுரு பட்டு முழிச்சிட்டாங்க போல". எனக்கும் பயந்தான். இருந்தாலும் முதலாளியம்மா நான் பயந்தா எப்படி? "வேலையப் பாருங்கட்டி"ன்னேன்.

பெலிக்ஸுக்கு ஃபோன் பண்ணினேன். மறுநாளே பஸ் ஏறி வந்துட்டான். தரைக்கும் மண்ணுக்கும் நடுவுல ஆள் தவழ்ந்து போற அளவுக்குக் காத்தோட்டத்துக்குன்னு இடைவெளி விட்டிருக்கு, பாத்திருப்ப. அதுக்குள்ள புகுந்தான். வெளிய வரும்போது தலையெல்லாம் சேறு. முகத்துல மட்டும் ஒரு வெளிச்சம். அதான் எனக்குப் பிடிக்காம போச்சு. நாங்க பயந்துபோயி வாசல்ல நிக்கோம், இவனுக்கு அதுல ஒரு சந்தோசம்.

"பின்மூலை இறங்கியிருக்கு மைனி. விரற்கடை கூட இல்ல. ஆனா இறங்கியிருக்கு."

"சத்தம்?"

"பிடி விடுற சத்தம். மண்ணு கொஞ்சங் கொஞ்சமா விடாது. தாங்கித் தாங்கிப் பாத்துட்டு, முடியாம ஒரேயடியா விடும்."

அப்புறம் வருஷா வருஷம் இதே கதைதான். தடைக்காலத்துல அணைப்பாக. முடிஞ்சு போடுவாக. தட்டும். பெலிக்ஸ் வருவான், அடியில புகுவான், தூண்ல கைய வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக் கெடப்பான், காய்ச்சக்காரன் நெத்தியில கை வெச்ச மாதிரி. அண்ணன்கிட்ட சண்டை போடுவான். சுவத்துல விரிசல் வந்துது. பின்னறைக் கதவு இழுத்துப் பிடிச்சுது. பொம்பளைக பின்னறைக்குள்ள தனியாப் போக மாட்டேன்னுட்டாளுக.

நான்தான் சாமியார்கிட்ட போனேன். வந்தாரு. ஒவ்வொரு தூணுக்கும் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சாரு. நம்புனா நம்பு, அந்த வருஷம் ஒரு சத்தம் இல்ல. அந்த வருஷம் ஒரு கம்பெனிக்காரன் தடைக்காலம் முழுக்க இறால இங்கதான் போட்டு வெச்சிருந்தான். அதனால மெஷினையும் நிறுத்தல. பெலிக்ஸும் அந்த வருஷம் வரல, வேற எங்கயோ படிக்கப் போயிருந்தான். ஒரு தட்டு கேக்கணுமே. கிடையாது. பாத்தியா, தீர்த்தத்துக்கு எம்புட்டு வல்லமைன்னு கித்தேரிகிட்ட சொன்னேன்.

மறுவருஷம் பெலிக்ஸ் வந்தான். தடைக்காலத்துல அணைச்சு, போட்டு, எல்லாம் வழக்கம்போல. சத்தம் மறுபடியும் வந்துது. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அவன் வராத வருஷம் வரல. அவன் வந்த வருஷம் வருது. சில பேரு நாக்கு அப்படி. விழுந்துரும் விழுந்துரும்னு சொல்லிக்கிட்டே இருந்தா விழாம என்ன செய்யும்? ரீகன் அப்பாகிட்ட சொன்னேன். அவுகளும் ஆமான்னாக. "இனிமே இங்க கால் வைக்காதலே"ன்னு தம்பிகிட்ட ஃபோன்ல சொல்லிட்டாக. அவன் "சரிண்ணே"ன்னு மட்டும் சொன்னானாம்.

சரின்னு சொன்னவன் வராம இருந்திருக்கணும்ல? வந்துட்டான்.

அதுக்கு அடுத்த வருஷம் தடை முடிஞ்சு மொத நாள். ரீகன் அப்பா ஏலத்துக்குப் போயிருந்தாக. முந்தின நாளே மெஷின் போட்டாச்சு. நான் இங்க உக்காந்து பெட்டி எண்ணிக்கிட்டிருக்கேன். வாசல்ல நெழல் விழுது. நிமிந்து பாத்தா இவன். தோள்ல பை. பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருப்பான் போல, சட்டையெல்லாம் கசங்கிக் கெடந்துது.

"மைனி, பின்னறையில ஆள விடாதீங்க"ன்னான். வந்ததும் வராததுமா. நல்லாருக்கியளான்னு ஒரு வார்த்த கெடையாது.

நான் சொன்னேன், "பெலிக்ஸ், உன் அண்ணன் என்ன சொன்னாகன்னு உனக்குத் தெரியும். நீ வந்தாத்தான் இங்க சத்தம் வருது. நீ வராத வருஷம் வரல. நான் கண்ணால பாத்தவ."

அவனுக்குச் சிரிப்பு வந்துட்டு. "மைனி, தவளை கத்தினப்பறம் மழ வருது. தவளையா மழையக் கொண்டாருது?"

"அப்ப தவளையாவே இருந்துக்க. எங்க வாசல்ல கத்தாத"ன்னேன்.

அவன் சிரிப்பு நின்னுபோச்சு. என்னையே பாத்தான். நான் பொங்கிப் போட்டு வளத்தவன். எனக்கு அவன அப்படிச் சொல்ல உரிமை இல்லையா? ஒரு தாய் சொல்ல மாட்டாளா? பைய எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிட்டான். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போறான்னு நெனச்சேன். ஒரு காப்பி குடிச்சுட்டுப் போன்னு கூப்பிடலாமான்னு எந்திரிச்சேன். ஃபோன் அடிச்சுது, உக்காந்துட்டேன்.

அவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போகல. பின்பக்கமாப் போயி அடியில புகுந்திருக்கான்.

சத்தம் வந்துது. அத எப்படிச் சொல்ல. எல்லா வருஷமும் வந்தது தட்டு. அன்னைக்கு வந்தது, பெரிய மரம் முறிஞ்ச மாதிரி. மேசையில இருந்த டம்ளர் நகந்து போயி விழுந்துது. பின்மூலை ஒரேயடியா நாலு விரற்கடை இறங்கிட்டு. குளுர வைக்கிறதுக்குன்னு சுவத்துக்குள்ள போற அமோனியா குழா முறிஞ்சுட்டு. அமோனியா நெடி உனக்குத் தெரியுமா? மூக்குல ஏறினா மூச்சு உள்ளயும் போகாது, வெளியயும் வராது. கண்ணுல மொளகாப் பொடியக் கொட்டின மாதிரி இருக்கும். எல்லாரும் ஓடினோம். வெளிய வந்து எண்ணிப் பாத்தா கித்தேரி இல்ல, ஜெயசீலின்னு இன்னொருத்தி இல்ல. ரெண்டு பேரும் பின்னறையில பெட்டி அடுக்கிக்கிட்டிருந்தவளுக. கதவுச் சட்டம் கோணிப்போயி கதவு தெறக்கல.

அடியில இருந்து தவழ்ந்து வெளிய வந்தவன் அப்படியே ஓடியிருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் நல்ல காத்து. அவன் உள்ள ஓடினான். சட்டையக் கழட்டித் தண்ணித் தொட்டியில முக்கி முகத்துல கட்டிக்கிட்டான். கடப்பாறைய விட்டு நெம்பி ரெண்டு பேரையும் இழுத்து வெளிய போட்டான். கித்தேரிய அவன் தூக்கிட்டு வந்தத நான் பாத்தேன். என்கிட்ட கீழ விட்டான். "வா பெலிக்ஸ், போதும் வா"ன்னு கையப் பிடிச்சேன். வால்வ அடைக்கணும்னு சைகை காட்டினான். ஈரக் கை. வழுக்கிட்டுப் போச்சு.

வால்வ அடைச்சான். இல்லன்னா அந்த உப்பளத்து ஆளுக அத்தன பேருக்கும் என்ன ஆகியிருக்குமோ. அடைச்சவன் திரும்பி வரல. தீயணைப்பு ஆளுகதான் தூக்கிட்டு வந்தாங்க.

ஆஸ்பத்திரியில கண்ணு ரெண்டும் கட்டு. கையில கட்டு. தொண்டையில குழா. பேச முடியாது, பாக்க முடியாது, எழுத முடியாது. நான்தான் பக்கத்துல இருந்தேன். மறுநாள் மத்தியானம்னு நெனைக்கேன், கட்டிலோட இரும்புக் கம்பியத் தட்ட ஆரம்பிச்சான். கட்டுப் போட்ட கையால. தட்டுவான், நிறுத்துவான். மறுபடி தட்டுவான்.

"வலிக்குதாலே?"ன்னு கேட்டேன். இல்லன்னு தலைய ஆட்டினான்.

"தண்ணி வேணுமா?" இல்ல.

"அண்ணனக் கூப்பிடவா?" இல்ல.

"அவளுக ரெண்டு பேரும் நல்லாருக்காளுகப்பா, கவலப்படாத." அதுவும் இல்ல. தட்டிக்கிட்டே இருக்கான்.

"சாமியாரக் கூட்டிட்டு வரவா?" இல்ல.

கேக்கிறதுக்கு என்னென்ன உண்டோ எல்லாம் கேட்டேன். எல்லாத்துக்கும் இல்ல, இல்ல, இல்ல. ரீகன் அப்பா உள்ள வந்தாக. கால் சத்தம் கேட்டதும் தட்டுறத நிறுத்திட்டான். அதோட சரி. சாயங்காலம் போயிட்டான்.

என்ன சொல்ல வந்தான்? நீ படிச்ச பிள்ள, உனக்கு ஏதாவது தோணுதா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

ரீகன் அப்பா அதுக்கப்புறம் இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கல. மெஷினையெல்லாம் கழட்டிக் குடுத்துட்டாக. ஒரே ஒரு தடவ, சோறு தின்னுக்கிட்டிருக்கும்போது, "அவன் சொன்ன ஆழத்துக்குப் போயிருக்கணும் இமெல்டா"ன்னாக. நான், "அது விதி. நாம என்ன செய்ய"ன்னேன். சாப்பிடாம கைய ஒதறிட்டு எந்திரிச்சுட்டாக. ஆறுதலாத்தான் சொன்னேன். ஆம்பளையளுக்கு ஆறுதல் சொன்னாலும் கோவம். அப்புறம் அவுகளுக்கு நெஞ்சுவலி வந்து அவுகளும் போயிட்டாக.

அவுக போன பெறகு ஒரு சித்திரை மாசம் இங்க வந்தேன். சும்மாதான். தூசி தட்டலாம்னு. இந்த மேசையில உக்காந்திருந்தேன். அத்தன அமைதி. கழியில கொக்கு கத்துறது மட்டும் கேக்குது. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. அவன் இங்கதான் இருக்கான். அடியிலதான். ஆனா குளுந்தாத்தான அவன் தட்டுவான். குளுர வைக்க யாரு இருக்கா?

என் மகன் ரீகன் தோகாவுல இருக்கான். அவன்கிட்ட ஐஸ் போட்டு வாடகைக்கு விடப் போறேன்னு சொல்லி, பின்னறைக்குச் சின்னதா ஒரு மெஷின் வெச்சேன். இது அமோனியா இல்ல, ஏசிக்குப் போடுற வாயுதான், பயப்படாத. வருஷம் முழுக்க ஓட்டுவேன். தடைக்காலம் வந்தா அணைப்பேன். வெயில் முழுக்கச் சூடாகட்டும்னு விட்டிருவேன். தடை முடிஞ்ச அன்னைக்குக் காலையில குளிச்சு, பூசை பாத்துட்டு, செபமாலையோட வந்து உக்காந்து மெஷினப் போடுவேன். உள்ள ஒரு பெட்டி மீன் கெடையாது. ஆள் கெடையாது. நான் மட்டும்.

தட்டுவான்.

மொத வருஷம் தட்டினப்ப அழுதுட்டேன். "என்னலே, என்ன வேணும்?"னு கேட்டேன். மறுபடியும் ஒரு தட்டு. பெறகு பழகிப்போச்சு. ரீகனுக்குப் பொண்ணு பாத்தது, பேரன் பெறந்தது, வீட்டுல ஓடு மாத்தினது எல்லாம் சொல்லுவேன். சில வருஷம் நெறயத் தட்டுவான். சில வருஷம் ரெண்டு மூணு. வருஷத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போற பிள்ள மாதிரி.

கித்தேரிக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. வந்து சத்தம் போட்டா. "அக்கா, அணைச்சு அணைச்சுப் போடாதீங்கன்னு அந்தத் தம்பி தலையால அடிச்சுக்கிட்டுதே. அதுக்காகத்தான உயிர விட்டுது. நீங்க போயி இதையே செய்யுதீயளே. பாருங்க, படி எங்க நிக்கு, தரை எங்க போயிட்டு." அவளுக்கு என்ன தெரியும்? அவ அன்னைக்கு மயங்கிக் கெடந்தவ. ஆஸ்பத்திரியில பக்கத்துல இருந்தவ நான். தட்டினத கேட்டவ நான். கட்டடம் இறங்கினா இறங்கட்டும், அதுல இப்ப என்ன இருக்கு.

விலைக்குக் கேட்டு எத்தனையோ பேரு வந்தாங்க. குடுப்பேனா?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரே ஒரு தட்டுதான். அதுவும் ரொம்ப லேசா. எனக்குக் காது மந்தமாயிட்டுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட காட்டினேன், காதுல கோளாறு இல்லன்னுட்டாரு.

போன வருஷம் தடை முடிஞ்சு மெஷினப் போட்டேன். உக்காந்தேன். செபமாலை முடிஞ்சுது. இன்னொண்ணு சொன்னேன். மத்தியானம் ஆச்சு. உள்ள கதவுல கைவெச்சா வெறைக்குது, அவ்வளவு குளிர். ஒண்ணும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு, நாளைக்கு வருவானாக்கும்னு வீட்டுக்குப் போனேன். மறுநாளும் இல்ல.

அப்புறம் நான் ஒரு கிறுக்குத்தனம் பண்ணினேன். தடைக்காலம் இல்லாதப்பவே அணைச்சேன். சூடாகட்டும்னு கதவெல்லாம் தெறந்து போட்டேன். மறுபடி போட்டேன். வரல. மறுபடியும் அணைச்சுப் போட்டேன். பின்மூலையில போயி தரையில காதை வெச்சுக்கிட்டுப் படுத்தேன். இந்த வயசுல. "பெலிக்ஸ், மைனி வந்திருக்கேன்"னேன். "காப்பி கொண்டாந்திருக்கேன்"னேன். ஒரு அசைவு கெடையாது. எறும்பு ஊருற சத்தம்கூடக் கேக்கல.

கோவிச்சுக்கிட்டானா, இல்ல போகவேண்டிய எடத்துக்குப் போயிட்டானா, தெரியல. அவன் இல்லாத கட்டடத்த வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அதான் ஆள் விட்டேன். எடுத்துக்கிடுங்க. இடிச்சுத் தள்ளுங்க.

என்னம்மா? திரும்பச் சொல்லு, மெதுவா.

ஒவ்வொரு தடவ சூடாகிக் குளுரும்போதும் சேத்துக்குள்ள இருக்க தண்ணி கொஞ்சங் கொஞ்சமா வெளியேறுமா? சரி. சேறு நெருங்கி நெருங்கி இறுகுமா. மொதல்லதான் இறக்கம் அதிகம். பெறகு வரவரக் கொறையும். ஆமா, கொறஞ்சுக்கிட்டுத்தான் வந்துது. கடைசியில இறுகின மண்ணு பைல நல்லாக் கவ்விப் பிடிச்சிருக்கும்ங்குற. தோண்டிப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும், ஆனா உனக்குத் தோணுது, இது இனிமே இறங்காதுன்னு. சத்தமும் வராதுன்னு.

இடிக்கக்கூட வேண்டியிருக்காதா.

இரு. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

அவனுக்கு இது தெரிஞ்சிருக்குமா? அவன் இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பான்ங்குற. இருந்திருந்தா. அடியில புகுந்துட்டு, தலையெல்லாம் சேறோட வெளிய வந்து, மைனி மைனின்னு கூப்பிட்டிருப்பான். பிடி விட்டுது, பிடி விட்டுதுன்னே சொல்லிக்கிட்டுக் கெடந்த பையன் அவன். பிடிச்சுட்டுதுன்னு அவன்கிட்ட யாரும்மா போய்ச் சொல்லுவா? எங்க நின்னு சொல்ல? அவன் தட்டினாத்தான எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்.